மத்தியானக் காற்றில் பார்த்த படகு

படகு வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் காலையில்தான் வருவார்கள். அந்நேரம் தண்ணீர் அசையாமல் கிடக்கும். எந்தப் படகை இறக்கினாலும் வழுக்கிக்கொண்டு போகும், பார்க்கிறவர் மனசும் கூடவே போய்விடும். டிரைவரக்கா மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து நின்றாள். கையில் ஒரு மூங்கில் கழி. அதில் சாண் சாணாகச் சிவப்புப் பெயின்ட் கோடு. பக்கத்தில் அவள் புருஷன்.

"காத்து கிளம்பிடுச்சேம்மா," என்றார் படகுப் பட்டறைக்காரர். "நாளைக்குக் காலையில வாங்களேன். தண்ணி நல்லா இருக்கும்."

"நல்ல தண்ணியில எல்லாப் படகும் நல்லாத்தாங்க இருக்கும். நான் வீடு திரும்புறது இந்தக் காத்துலதான். இப்பவே பார்த்துடலாம்."

பட்டறைக்காரர் புருஷனைப் பார்த்தார். புருஷன் வானத்தைப் பார்த்தார். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் எந்த நேரத்தில் வானத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி.

டிரைவரக்காவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பதினெட்டு வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். குண்டும் குழியுமான ரோட்டில், பின்னால் இருபது பிள்ளைகள் கத்திக்கொண்டு வர, ஒரு பிள்ளைக்குக்கூடப் பல் ஆடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவள். புருஷன் ஆழமில்லாத விரிகுடாவில் கூண்டு போட்டு நண்டு பிடிப்பவர். போன வருஷம் அவருக்குத் தோள்பட்டையில் அறுவை நடந்தது. இனி கனமாக இழுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று, வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் அவள் வேன் சாவியை இன்னொரு டிரைவரிடம் கொடுத்துவிட்டு வந்து, "கூண்டு எங்க போடணும்னு நீங்க சொல்லுங்க. ஓட்டுறதும் தூக்குறதும் நான் பார்த்துக்கறேன்," என்றாள். நீச்சல் அதற்கு முன்பே தெரியும். மீனவரைக் கட்டிக்கொண்டு தண்ணீரைக் கண்டு பயப்படுவதாவது என்று முப்பது வயசில் தானாகவே கற்றுக்கொண்டது.

வந்து சேர்ந்த வம்பு பழைய மரப்படகுதான். அது சேற்றில் உட்கார்ந்தால் நான்கு ஆள் தள்ள வேண்டும். இவர்கள் இரண்டு பேர், அதிலும் ஒன்றரை ஆள் பலம். அந்த விரிகுடாவோ விசித்திரமானது. ஒரு கிலோமீட்டர் உள்ளே நடந்தாலும் இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறாது. ஆனால் மத்தியானக் காற்று வந்துவிட்டால் அதே இடுப்புத் தண்ணீர், ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வரும் குட்டை அலையாக மாறிப் படகைப் போட்டுப் புரட்டும்.

மூன்று மாசமாக வீட்டில் இதே பேச்சு. புருஷனின் தம்பிக்குப் புல்லட்டு என்று பட்டப்பெயர். வேகம் என்றால் உயிர். "அண்ணி, என் படகு மாதிரி அடி கூரா வாங்குங்க. அலையை வெண்ணெய் மாதிரி வெட்டிக்கிட்டுப் போகும்," என்பான். புருஷனுக்கும் அதில்தான் ஆசை. டிரைவரக்கா மட்டும் அடிப்பாகம் தட்டையான படகுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "ஆழமே இல்லாத இடத்துல கூர் எதுக்கு? தட்டையா இருந்தா முழங்கால் தண்ணியிலயும் மிதக்கும்."

பட்டறையில் தட்டைப் படகும் இருந்தது, கூர்ப் படகும் இருந்தது. டிரைவரக்கா முதலில் தட்டையை இறக்கச் சொன்னாள். வெறும் படகை ஓட்டிப் பார்க்க அவள் சம்மதிக்கவில்லை. முப்பது கூண்டும் ஐஸ் பெட்டியும் எவ்வளவு கனமோ அவ்வளவுக்கு மணல் மூட்டை ஏற்றினாள். கழியை விட்டுப் பார்த்தாள். அடிப்பாகம் ஒரு சாண்கூட முழுகவில்லை. புருஷனை ஒரு பார்வை பார்த்தாள், இப்ப என்ன சொல்றீங்க என்பது போல.

பாதி தூரம் போவதற்குள் அந்தப் பார்வை மறைந்துவிட்டது. ஒவ்வொரு அலைக்கும் படகின் அடி தண்ணீரில் பளார் பளார் என்று அறைந்தது. உட்கார்ந்த இடத்தில் முதுகெலும்புக் கணுக்கள் ஒன்றோடொன்று இடித்தன. காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போனது. நேராகப் பிடித்தாலும் நண்டு மாதிரிச் சாய்வாகத்தான் நகர்ந்தது. புருஷன் அறுவை செய்த தோளை மறுகையால் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் 'நான் சொன்னேனே' என்று சொல்லியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கரைக்கு வந்ததும் இறங்கி, முகத்து உப்பைத் துடைத்துக்கொண்டு, "என் கணக்கு தப்பு. இது வேணாம்," என்றாள். மூன்று மாசம் வாதாடியதை மூன்று நொடியில் கீழே போட்டாள். "அடுத்து உங்க படகைப் பார்ப்போம்."

புருஷனின் கூர்ப் படகு அழகாகத்தான் கிளம்பியது. அலையை வெட்டியது, அறையவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "இருங்க. இப்ப கூண்டு தூக்கணும்னு வச்சுக்கோங்க," என்று இன்ஜினை அணைத்தாள். இரண்டு பேரும் ஒரே பக்கமாக வந்து நின்றதும் படகு சட்டென்று சாய்ந்து, ஓரம் தண்ணீரைத் தொட்டுவிட்டது. இருவரும் பதறி நடுவுக்கு வந்தார்கள். சிரிப்பு போய்விட்டது. சரி, திரும்பலாம் என்று மணல்திட்டு ஓரமாக வந்தபோது அடியில் கரகர என்று ஒரு சத்தம். படகு நின்றுவிட்டது. கழியால் ஊன்றித் தள்ளினாள். இறங்கித் தள்ளினாள். மணல் விட்டால்தானே? அலை ஒவ்வொன்றும் படகின் பக்கத்தில் மோதி உள்ளே எட்டிப் பார்த்தது.

"இனிமே நாம ரெண்டு பேரும் சமம்," என்றாள் முழங்கால் தண்ணீரில் நின்றபடி. அந்த நிலைமையிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பட்டறையிலிருந்து ஒரு தொழிலாளி இவர்களை இழுக்க வந்தார். வந்த படகு பெயின்ட் உரிந்து, கயிறும் பலகையும் அடைத்து, பார்க்க ஒன்றுமில்லாதது. ஆனால் டிரைவரக்கா படகின் பெயின்ட்டைப் பார்க்கவில்லை; அது வருகிற விதத்தைப் பார்த்தாள். எதிர் அலையில் மூக்கு லேசாக எழுந்து விழுந்தது. அறையும் சத்தம் இல்லை. சிதறும் தண்ணீர் வெளிப்பக்கமாகவே தெறித்தது. இவர்கள் தட்டி நின்ற அதே திட்டின் மேல், இன்ஜினைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டு அந்த ஆள் அலட்டிக்கொள்ளாமல் வந்து நின்றார். கயிறு கட்ட அவர் ஓரமாகச் சாய்ந்தபோது படகும் கொஞ்சம் சாய்ந்தது, அதோடு நின்றுகொண்டது.

கரை ஏறியதும் ஈரப் புடவையோடு நேராகப் பட்டறைக்காரரிடம் போனாள். "அந்தப் படகைக் காட்டுங்க."

"அது விக்கிறது இல்லம்மா. எங்க வேலைக்கு வச்சிருக்கோம். யாரும் கேக்கவும் மாட்டாங்க, பார்வையா இல்லன்னு."

"கவுத்துப் போடுங்க, அடியைப் பார்க்கணும்."

நாலு பேர் சேர்ந்து கவிழ்த்தார்கள். முன்னால் கூராக இருந்த அடி, நடுவுக்கு வரும்போது படுத்து, பின்னால் ஏறக்குறைய தட்டையாகிவிட்டிருந்தது. அகலம் தாராளம். அடியில் நீளவாக்கில் இரண்டு பட்டைகள். படகு காற்றுக்குப் பக்கவாட்டில் நழுவாமல் இருக்க அவைதான் காரணம் என்றார் பட்டறைக்காரர். டிரைவரக்கா அதைக் கையால் தடவிப் பார்த்தாள், புது டயரைத் தடவுகிற மாதிரி.

பிறகு அதே மணல் மூட்டைகளை அதில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய் வந்தாள். புருஷன் தோளைப் பிடித்துக்கொள்ளவில்லை. அது போதுமாக இருந்தது.

"இதே அச்சுல புதுசா ஒண்ணு செய்ங்க," என்றாள். "ரெண்டு மாத்தம். நான் கூண்டு தூக்குற இடத்துல மட்டும் பக்கச் சுவரை நாலு விரல் இறக்கணும். என் உயரத்துக்குப் பாருங்க, இப்படியே இருந்தா முழங்கை இடிக்குது. முன்னால இருக்குற பலகையை எடுத்துடுங்க. கூண்டு அடியிலயே உக்காரணும், மேல அடுக்கினா ஆடும்."

"நாலு விரலுக்கு மேல இறக்க முடியாதும்மா, அலை ஏறிடும்."

"அதான் நாலுன்னு சொன்னேன்."

புதுப் படகு வந்தபோது புல்லட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "என்ன அண்ணி இது, குளிக்கிற தொட்டியா? இன்ஜினுக்குப் பதிலா சோப்பு வச்சுக்கோங்க!"

"சிரிடா சிரி. தொட்டியில உக்காந்து யாராவது முழுகினதைப் பார்த்திருக்கியா?"

இரண்டாவது மாசம் ஒரு நாள் காற்று சொன்ன நேரத்துக்கு முன்பே, பத்தரை மணிக்கே வந்துவிட்டது. இவர்கள் திட்டுக்கு அந்தப் பக்கம், எல்லாக் கூண்டையும் ஏற்றியாகிவிட்டது. கரைக்கு இரண்டு வழி. ஆழமான வாய்க்கால் வழியாகச் சுற்றிப் போனால் பெரிய அலை, தூரமும் இரட்டிப்பு. திட்டின் மேலேயே போனால் தண்ணீர் முழங்காலளவு, அலை குட்டையாகக் கொதிக்கிறது. பழைய படகென்றால் திட்டு பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க முடியாது. புருஷன் வழக்கமாக வழி சொல்கிறவர், அன்று அவளைப் பார்த்தார்.

"மேலயே போயிடலாங்க," என்றாள்.

இன்ஜினை அரைவாசி தூக்கி, வேகத்தைக் குறைத்து, ஸ்பீடு பிரேக்கரில் வேனை ஏற்றுவது போல ஒவ்வொரு அலையையும் கொஞ்சம் சாய்வாக வாங்கினாள். ஒரு இடத்தில் பட்டை மணலை உரசியது. புருஷன் மூச்சைப் பிடித்தார். அடுத்த அலை தூக்கிவிட்டது. இருபது நிமிஷத்தில் கரை. ஒரு கூண்டுகூட நகரவில்லை. வாய்க்கால் வழியாக வந்த புல்லட்டு அரை மணி கழித்துத் தலைமுதல் கால்வரை நனைந்து வந்து சேர்ந்தான். சோப்பைப் பற்றி அன்றைக்கு அவன் வாயைத் திறக்கவில்லை.

அதன் பிறகு படகு வாங்கப் போகிறவர்கள் டிரைவரக்காவைத் துணைக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். போன வாரம் வெளிக்கடலில் தூண்டில் போடும் அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்து, அவள் படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, இதே மாதிரி ஒன்று செய்யப் பட்டறையில் சொல்லுங்கள் என்று கேட்டார்கள்.

"எங்க போய் மீன் பிடிக்கிறீங்க?"

சொன்னார்கள்.

"அப்ப இது உங்களுக்கு ஆகாது," என்றாள். "அங்க அலை நீளமா வரும், ஆழம் இருக்கு. கூரா பாருங்க. என் கொழுந்தன்கிட்ட ஒண்ணு இருக்கு, ஒரு நாள் கேட்டு வாங்கி ஓட்டிப் பாருங்க. மத்தியானமா போங்க." சொல்லிவிட்டு, கூண்டிலிருந்து கழற்றிப்போட்ட கிழிந்த வலையை மடியில் எடுத்துவைத்துத் தைக்கத் தொடங்கினாள்.