மிஸி போட்ட தோப்புக்கரணம்

அறுபதுகளின் நடுப்பகுதி. மட்டக்களப்பு நாவற்குடாவில் ஒரு வீட்டின் முன்னறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, சுற்றியுள்ள ஐந்தாறு ஊர்களுக்கு அரசாங்க மருத்துவிச்சியாக வேலை பார்த்தேன். எனக்கு இருபத்தாறு வயது. வெள்ளைச் சேலை, லேடீஸ் சைக்கிள், கெரியரில் பிரசவப் பெட்டி. ஊரில் எல்லோருக்கும் நான் ‘மிஸி’. அந்தச் சைக்கிளில் போகும்போது எனக்கிருந்த தலைக்கனத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

இரண்டாம் வருடம் வலது முழங்காலில் நோவு தொடங்கியது. தார் ரோட்டில் பரவாயில்லை. வாவிப் பக்கம் இறங்கும் மணல் ஒழுங்கைகளில் மிதிக்க மிதிக்க ஊசி குத்துவது போலிருக்கும். நொச்சி இலை ஒத்தணம் கொடுத்தேன், எண்ணெய் தேய்த்தேன், இரண்டு கிழமை லீவு போட்டுக் காலை நீட்டிக்கொண்டு கிடந்தேன். கிடந்தவரை சுகம். சைக்கிளில் ஏறிய மூன்றாம் நாள் நோவு திரும்பி வந்துவிட்டது.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பான டொக்டர் நல்லவர், ஆனால் கறாரானவர். “சித்திரை வருசம் கழிய வந்து காட்டுங்க மிஸி. அப்பயும் இப்பிடியெண்டா ஆஸ்பத்திரி வார்டுக்கு மாத்தச் சொல்லி எழுதுவன்” என்றார். வருடப்பிறப்புக்கு இன்னும் இரண்டரை மாதம்தான் இருந்தது. வார்டு வேலை ஒன்றும் குறைந்ததல்ல. ஆனால் எந்த வீட்டில் யாருக்கு எத்தனையாம் மாதம் என்று எனக்கு மனப்பாடம். சைக்கிள் மணி கேட்டதும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலுக்கு வரும் அந்தப் பெண்களை விட்டுப் போக மனம் வரவில்லை. திரும்பும் வழியெல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அழுதேன்.

எதிரே எங்கள் பகுதித் தபால்காரர் வந்தார். என்னைவிட இரண்டொரு வயது கூட இருக்கும். தினமும் என்னைவிட இரண்டு மடங்கு தூரம் சைக்கிள் மிதிப்பவர். கடிதம் தருவதைத் தவிர அதுவரை பேசியதில்லை.

“என்ன மிஸி, காத்துப் போயிற்றா?”

“காத்தெல்லாம் இருக்கு. என்ட முழங்கால்தான் சரியில்ல” என்றேன் எரிச்சலாக.

அவர் இறங்கி நின்றார். “எனக்கும் வேலைக்கு வந்த முதல் வருசம் இதே நோவுதான். எங்கட களுதாவளைப் பிள்ளையாருக்கு நேத்தி வெச்சு, விடியக் குளிச்சிப்போட்டு ஒவ்வொரு நாளும் தோப்புக்கரணம் போட்டன். முதல்ல அஞ்சு, மறுகா பத்து, இப்ப அம்பது. ரெண்டு மாசத்தில நோவு இல்ல.”

“நான் வேதக்காரி, சேர்ச்சுக்குப் போறவள்” என்றேன்.

“அப்ப உங்கட ஆண்டவர நினைச்சுப் போடுங்க. பிள்ளையார் மாத்தினாரோ, துடைச் சதை உரம் வெச்சு மாறினிச்சோ, நான் விசாரிக்கப் போகல்ல. துடை தூக்கிற பாரத்த முழங்கால் தூக்கினா நோகும்தானே.”

எனக்குச் சுருக்கென்றது. பிள்ளை பெற்ற பெண்களிடம் ‘கிடந்த கிடையா கிடக்காதீங்க, எழும்பி நடங்க’ என்று வீடு வீடாகச் சத்தம் போடுகிறவள் நான். எனக்கென்று வந்ததும் இரண்டு கிழமை கட்டிலில் கிடந்திருக்கிறேன்.

மறுநாள் காலை கதவைச் சாத்திவிட்டுத் தொடங்கினேன். மூன்றாவதில் எழும்ப முடியாமல் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டேன். வலி குத்தினால் நிறுத்தினேன். பாதி அளவுக்கு மட்டும் குந்தி எழும்பினேன். கிழமைக்கு இரண்டு மூன்றாகக் கூட்டினேன். துடை இரண்டும் நெருப்பாக எரிந்தன. ஆனால் மணல் ஒழுங்கையில் குத்துவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

ஜன்னல் சீலை கட்டையாக இருந்ததை, வெளியே நின்றால் உள்ளே தெரிவதை நான் கவனிக்கவில்லை. வீட்டுக்கார அம்மாவும் நானும் ஒரே மெதடிஸ்த சபை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மற்ற எல்லோரிடமும் சொல்லிவிட்டா. மூன்றாம் ஞாயிறு ஆராதனையில் என் வாங்குப் பலகையில் ஒருவரும் வந்து இருக்கவில்லை. திங்கட்கிழமை போதகர் ஐயாவே சைக்கிளில் வந்து இறங்கினார்.

“பிள்ளை, காதப் பிடிச்சுத் தோப்புக்கரணம் போடுறீராம். மனசில ஏதும் குழப்பமா?”

முழங்கால் கதையை முழுதாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, “காதப் பிடிக்காமப் போட்டா சுகம் வராதோ?” என்றார்.

எலும்பு எது, தசை எது என்று படித்துப் பாஸான மருத்துவிச்சி, காதுக்கும் துடைக்கும் என்ன தொடர்பு என்று ஒரு நாளாவது யோசிக்கவில்லை. தபால்காரர் தோப்புக்கரணம் என்று சொன்னபடியே நானும் காதைப் பிடித்துக்கொண்டு குந்தி எழும்பியிருக்கிறேன். வெட்கத்தில் முகம் சுட்டது. தேத்தண்ணியோடு கதவடியில் நின்ற வீட்டுக்கார அம்மா, “இந்தப் புள்ள என்ன பாவம் செஞ்சிச்சோ எண்டு மூணு கிழமையா ஜெபம் பண்ணிப்போட்டன் கா” என்றா. போதகர் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சிந்தியது. போகுமுன், சபையாரைப் பார்க்கச் சைக்கிள் மிதித்துத் தனக்கும் முழங்கால் நோவுதான் என்று சொல்லி, தான் இருந்த கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு அவரும் மூன்று முறை குந்தி எழும்பிப் பார்த்தார்.

சித்திரை கழிந்து டொக்டரிடம் போனேன். குந்தி எழும்பச் சொன்னார். இருபத்தைந்தைத் தாண்டியதும் “போதும், போய் வேலையப் பாருங்க” என்றார். கடிதம் எழுதவில்லை.

அங்கிருந்து நேரே வாவிக்கரை ஒழுங்கைக்குத்தான் விட்டேன். ஒன்பதாம் மாதத்தில் இருந்த ஒரு பெண் வாசலுக்கு வந்தவள், “மிஸி, மாறிப் போறீங்களாமே?” என்று கேட்டாள்.

“நான் போனா உன்ட புள்ளைய ஆரு பிடிக்கிற?” என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

அந்தக் கிழமையே ஒரு தேங்காய் வாங்கித் தபால்காரரிடம் கொடுத்து, களுதாவளைக்குப் போனால் பிள்ளையாருக்கு உடைக்கச் சொன்னேன். “ஆர்ர பேரில மிஸி?” என்று கேட்டார். முழங்காலின் பேரில் என்றேன். இது போதகருக்குத் தெரியாது.

அதன்பிறகு ஓய்வு பெறும்வரை அந்த ஊர்களில்தான் சைக்கிள் மிதித்தேன். இடையில் கலியாணம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று வீடு பெருத்துவிட்டது. வீட்டில் யாராவது ஒருவர் சலித்துச் சினந்து விழுந்தால், நான் அவரைக் குறை சொல்வதில்லை. யார் தூக்க வேண்டிய பாரத்தை இவர் தூக்கிக்கொண்டிருக்கிறார் என்றுதான் தேடுகிறேன், தேடிப் பார்த்தால் பல நாட்களில் அந்தச் சோம்பேறித் துடை நானாகவே இருக்கிறேன்.