தோமானுக்கு ஒரு கண்ணாடி மூடி

காமாரியாவுக்குக் கண்ணாடி வெட்டத் தெரியும் என்பது பினாங்கில் வெகுகாலம் வெளியே தெரியாது. சூலியா தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் அவள் அத்தா ஹனீபா படச்சட்டக் கடை வைத்திருந்தார். அவருக்குக் கை நடுக்கம் கண்டபின் கடையின் முன்பக்கம் உட்கார்ந்து பேசுவது அவர் வேலையாயிற்று. திரைக்குப் பின்னால் நின்று வெட்டுவது மகளின் வேலை. தாயில்லாத வீடு. மறுக்க நினைத்தாலும் வேறு ஆள் இல்லை. அவள் மறுக்க நினைத்ததும் இல்லை. வைர முனை கண்ணாடியில் ஒரே இழுப்பாக ஓடி, தட்டியதும் கோடு பிசகாமல் பிளக்கும் அந்த நொடி அவளுக்குப் பிடிக்கும். அதற்கு விலையாக விரல்களிலும் உள்ளங்கையிலும் வெள்ளைத் தழும்புகள் விழுந்திருந்தன.

அந்தத் தழும்புகளைத்தான் அவளைப் பெண் கேட்ட சிக்கந்தரின் தாய் பார்த்துவிட்டார். ஹட்டன் லேனில் சொந்த வீடும் கடைத்தெருவில் ஜவுளிக் கடையும் உள்ள குடும்பம். பெண் பார்க்க வந்தார்கள், சர்பத் குடித்தார்கள், சம்மதம் என்று சொல்லிப் போனார்கள். ஹனீபா உறவுக்காரர்களுக்கெல்லாம் செய்தி சொல்லி முடித்த பிறகு, படச்சட்டக் கடைக்கு எதிரே இருந்த கோப்பிக் கடையில் நாலு பேர் நடுவே உட்கார்ந்து சிக்கந்தர் சொன்னான்:

“அது பொண்ணு கை இல்லலா, பட்டறைக் கை. தடவிக் குடுத்தா தோல் உரிஞ்சிரும்.”

திரைக்குப் பின்னால் நின்ற காமாரியாவுக்கு அது நன்றாகவே கேட்டது. சம்பந்தம் அதோடு முறிந்தது. அவனுடைய கூட்டாளி அப்துல் அஜீஸ் வாய் ஓயாத மனிதர். அவர் அதைப் பள்ளிவாசல் வாசலிலிருந்து ஆயர் ஈத்தாம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். ‘பட்டறைக் கை’ அவளுக்குப் பெயராகவே நின்றுவிட்டது. பிறகு வந்த ஒன்றிரண்டு சம்பந்தங்களும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டுப் பாதியிலேயே திரும்பிப் போயின.

அவள் அழவில்லை. அந்தச் சொல்லை மட்டும் நாள்தோறும் எடுத்துப் பார்த்து, மழுங்காமல் வைத்துக்கொண்டாள். சிக்கந்தர் வேறு இடத்தில் மணம் முடித்தான். அவன் கண்ணாடியும் சட்டமும் வாங்க வேறு கடைக்குப் போனான். வஞ்சம் தீர்க்க அவளுக்கு ஒரு வழியும் தென்படவில்லை. ஆனாலும் தீர்க்காமல் செத்துப்போவதாக அவளுக்கு எண்ணம் இல்லை.

அப்போதுதான் தோமான் வந்தது.

நம் விராலுக்குப் பெரியண்ணன் மாதிரியான மீன் அது. புக்கிட் மேரா ஏரியில் பிடித்ததை யாரோ சிக்கந்தருக்குக் கொடுத்தார்கள். ஒரு கை நீளம், கறுத்த முதுகு, வாய் நிறையப் பல். வீட்டுக் கூடத்தில் இரும்புச் சட்டம் போட்ட பெரிய கண்ணாடித் தொட்டியில் அதை வைத்தான். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வருகிறவர்கள் முன்னால் உயிர் மீன்களை உள்ளே விடுவான். தோமான் அசையாமல் நிற்கும். அப்புறம் ஒரு திரும்பல், அவ்வளவுதான். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். அந்த மீனை வைத்தே ஊரில் அவன் மதிப்பு ஒரு படி ஏறியது.

ஒரு நாள் மீன் தொட்டியை விட்டுத் துள்ளி விழுந்து, விருந்துக்கு அடுக்கியிருந்த பீங்கானை நொறுக்கியது. பலகை போட்டு மூடினால் மேலிருந்து பார்க்க முடியவில்லை. அத்தனை பெரிய கண்ணாடியைப் பிசகில்லாமல் வெட்ட ஊரில் வேறு ஆள் இல்லை என்று எல்லாரும் சொல்ல, வேண்டா வெறுப்பாக ஹனீபாவுக்கு ஆள் அனுப்பினான்.

அளவெடுக்க அத்தாவுடன் காமாரியாவும் போனாள். அவள் அளந்துகொண்டிருந்தபோது தோமான் மேலே வந்து, வாயைத் திறந்து காற்றை ஒரு மிடறு விழுங்கிவிட்டு இறங்கியது. சற்றுப் பொறுத்து மறுபடியும் வந்தது. சிறுமியாக இருந்தபோது பசாரில் வாங்கிய விரால் ஓடிவிடக் கூடாதென்று, ஜாடியில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிப் பலகை வைத்து அழுத்தி மூடியவள் அவள். காலையில் மீன் செத்துக் கிடந்தது. அந்த இன மீனுக்குத் தண்ணீர் மட்டும் போதாது.

“விளிம்போட விளிம்பா உக்காரணும்,” என்றான் சிக்கந்தர், அத்தாவைப் பார்த்து. “வெள்ளிக்கிழமை பெரிய விருந்து இருக்கு. தண்ணிய முழுசா நிரப்பப் போறேன். நடுவுல தண்ணிக் கோடு தெரியக் கூடாது, அசிங்கமா இருக்கு.”

காமாரியா அளவை மட்டும் குறித்துக்கொண்டு திரும்பினாள். மூடியை அவன் கேட்டபடியே, ஒரு நூல்கூட நுழையாத அளவில் வெட்டினாள். அவள் வெட்டியவற்றில் அதைவிடச் சுத்தமானது வேறில்லை. வெட்டும்போதே சொல்ல வேண்டியதையும் மனத்துக்குள் அறுத்துச் சீராக்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மூடியைப் பொருத்தப் போனபோது அப்துல் அஜீசும் இன்னும் சிலரும் கூடத்தில் இருந்தார்கள். வேலையாட்கள் தொட்டியை நிரப்பிவிட்டு, மூடியின் கொக்கிகளை மாட்டக் காத்திருந்தார்கள். காமாரியா முந்தானையிலிருந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி மூடியின் மேல் வைத்தாள்.

“முதலாளி, தண்ணிய நாலு விரக்கடை கொறைங்க. இது மேல வந்து காத்துக் குடிக்கிற மீனு. இப்படி மூடினா மூழ்கிச் செத்துரும்.”

சிக்கந்தரின் கண் அவள் கைகளுக்குப் போய்த் திரும்பியது.

“கேட்டீங்களா அஜீஸ் பாய், மீனு தண்ணில மூழ்குமாம். பட்டறைக் கை இப்ப எனக்கு மீன் வளக்கச் சொல்லித் தருது.” அவன் வேலையாட்களிடம் திரும்பினான். “இன்னும் ஒரு குடம் ஊத்துங்கடா.”

அவள் நினைத்தபடியே நடந்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் அவன் தண்ணீரைக் குறைத்திருப்பான்.

திரும்பும் வழியில், வேலையாட்களிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்று அத்தா கேட்டார்.

“மூடி கேட்டது முதலாளி. அவர்கிட்டயே சொன்னேன்,” என்றாள்.

விருந்தாளிகள் சாப்பிட்டு எழுந்து, மீனுக்குத் தீனி போடும் நேரமும் வந்தது. மூடியைத் திறக்கப் போனபோது தோமான் கண்ணாடியில் மூக்கு உரசி வெளிறி, வெள்ளை வயிறு மேலே தெரிய மிதந்தது. முதலில் பேசியவர் அப்துல் அஜீஸ்தான். அந்தப் பெண் சொன்னதையும் சிக்கந்தர் சொன்னதையும் அவர் அங்கேயே ஒருமுறை சொல்லிக் காட்டினார். மறுநாள் கோப்பிக் கடையில் நடித்தே காட்டினார். அந்த வாரம் முடிவதற்குள் சிக்கந்தருக்கு ‘மீனை மூழ்கடித்தவர்’ என்று பெயர் ஆயிற்று. துணி வாங்க வந்தவர்கள்கூட வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

மீனுக்காக அவள் வருத்தப்பட்டாள். அதன்மேல் அவளுக்குப் பகை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வருத்தம் வஞ்சம் தீர்ந்த நிறைவைத் தொடவில்லை.

ஒரு மாலை சிக்கந்தரே கடைக்கு வந்தான். எதிர்க்கடையில் அப்போது ஆள் இல்லை. குரலைத் தாழ்த்தி ஹனீபாவிடம் பேசினான்.

“மூடியில ஏதோ கோளாறுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க பாய். உங்க மகளப் பத்திச் சொன்னது வெளையாட்டுக்குன்னு நானும் சொல்லிடுறேன். ரெண்டு பேருக்கும் நல்லது.”

ஹனீபாவுக்கு அது நல்ல ஏற்பாடாகவே பட்டது. மகளின் பெயர் துடைக்கப்படும், வரன் வரும். சரி என்று சொல்ல அவர் வாயெடுத்தபோது திரை விலகியது.

“மூடியில கோளாறு இல்ல,” என்றாள் காமாரியா. “சந்தேகம்னா கொண்டு வாங்க. எல்லாரையும் வெச்சு அளந்து பாக்கலாம்.”

“ஊரு என்னை என்ன சொல்லிக் கூப்பிடுதுன்னு ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும். எனக்குப் பேரு வெச்சப்பவும் கேட்டேன். அப்ப யாரும் வந்து வெளையாட்டுன்னு சொல்லல.”

“இவ்வளவு வன்மமா ஒனக்கு?”

“ஆமா.”

எதிரே நாற்காலிகள் இழுபடும் ஓசை கேட்டது. மாலைக் கூட்டம் வந்து உட்காரத் தொடங்கியிருந்தது. சிக்கந்தர் திரும்பிப் பார்த்தான். பின்வழி இருக்கிறதா என்று கேட்டான். ஹனீபா மகளைப் பார்த்தார்.

“பின்வாசல் பூட்டியிருக்கு,” என்றாள் அவள். சாவி அவள் இடுப்பில் தொங்கியது.

அவன் முன்வாசல் வழியாகத்தான் போனான். சந்தில் கால் வைத்தபோதே அப்துல் அஜீசின் குரல், உபசாரம் குறையாமல் எழுந்தது:

“வாங்க பாய், உக்காருங்க, ஒரு கோப்பி குடிச்சிட்டுப் போகலாம். விளிம்பு வரைக்கும் ஊத்தச் சொல்லவா?”

திரைக்குப் பின்னால் காமாரியா கோப்பிக் கடையில் எழுந்த சிரிப்பு முழுவதும் அடங்கும் வரை நின்று கேட்டாள். அதன் பிறகுதான் அடுத்த கண்ணாடியை மேசையில் கிடத்தினாள்.