சார்ஜ் நிற்காத புது மொபைல்

எங்கள் வீட்டில் எந்தச் சாமானும் வெறும் உடம்போடு இருந்ததில்லை. ரேடியோவுக்குப் பட்டு உறை, டி.வி.க்குப் பட்டு உறை, மிக்ஸிக்குக்கூட ஒரு பட்டுப் பாவாடை. பட்டுக்கடைக்காரர் வீட்டில் துண்டுத் துணிக்குப் பஞ்சமா? தறியில் பழுதாகிப்போன முந்தானை, அளவு குறைந்த கரை என்று கடையிலிருந்து வருவதையெல்லாம் அம்மா தைத்துத் தள்ளுவாள். ரிமோட்டைத் தேடினால் அது எங்காவது மாம்பழ மஞ்சள் உறைக்குள் கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருக்கும். இதற்கு அம்மா வைத்த பெயர் மங்களம். எனக்கு அது தூசி சேர்க்க இன்னொரு வழி.

ஆகவே நைனா முதன்முதலாக மொபைல் வாங்கி வந்த அன்று நடந்த எதுவும் எனக்கு ஆச்சரியமாக இல்லை. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். மொபைலுக்குக் குங்குமப் பொட்டு வைத்தார்கள். காமாட்சி படத்துக்கு முன்னால் ஒரு பொழுது கிடத்தினார்கள். அதன் அந்தஸ்துக்கு ஏற்ற மாதிரி உறையும் தயாரானது. முழுக்க முழுக்க ஜரிகையாக நெய்த முந்தானைத் துண்டு, இரண்டு மடிப்பு, மேலே மூடி, மூடிக்கு ஒரு பொத்தான். நைனா அதைச் சட்டைப் பையில் பாதி வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு பெரிய காஞ்சிபுரம் முழுக்க வளைய வந்தார். போன் வருகிறதோ இல்லையோ, போன் இருப்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது.

மொபைல் வந்த சூட்டோடு எனக்கு ஒரு வேலையும் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. நான் எம்.எஸ்சி. பிசிக்ஸ் முடித்திருந்தேன். சென்னை போகிற ரோட்டில் புதிதாக முளைத்த ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் ஆசிரியர் வேலை. கிடைக்காவிட்டால் என் கதி என்ன என்பது முன்பே தீர்மானமாகியிருந்தது: கடையில் உட்கார்ந்து புடவை விரித்துக் காட்ட வேண்டும். அதிலிருந்து தப்பிக்கத்தான் நான் பிசிக்ஸே படித்தேன். விண்ணப்பத்தில் கடையின் லேண்ட்லைன் எண்ணை எழுதப் போனேன். நைனா பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"லேண்ட்லைன் போட்டா எவன் மதிப்பான்? மொபைல் நம்பர் போடும்மா. ஒரு கெத்தா இருக்கும்."

இன்டர்வியூ நன்றாகவே நடந்தது. தேர்வானால் போனில் சொல்கிறோம், உடனே வந்து சேர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

கெத்து மத்தியானச் சாப்பாடு வரைக்கும்கூடத் தாங்கவில்லை. ராத்திரி முழுக்கச் சார்ஜில் கிடந்து, காலையில் நிறைமாதமாகக் கடைக்குப் போகிற மொபைல், உச்சி வெயில் ஏறுவதற்குள் ரெண்டு முனகல் முனகிவிட்டு அணைந்துபோகும். தினமும் இதே கூத்து.

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி, கடைக்கு வந்துபோகிற அத்தனை பேரும் பேட்டரி நிபுணர்கள் ஆனார்கள். முதல் சார்ஜைப் பாதியில் பிடுங்கியதால் பேட்டரிக்குக் குடல் சுருங்கிவிட்டது என்றார் ஒருவர். முழுக்கச் செத்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்றார் இன்னொருவர். பேட்டரியைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்தார்கள். ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பிளக் தென்மேற்கு மூலையில் இருந்தால் சார்ஜ் எப்படி நிற்கும் என்று ஒரு மகானுபாவர் வாஸ்து பேசினார். நைனா அதையும் நம்பிச் சார்ஜரைப் பூஜை அறைக்குக் கொண்டுபோனார். கடைசியில் பழி என் தலையில் விழுந்தது. அவருக்குத் தெரியாமல் நான் அதில் பாம்பு விளையாட்டு விளையாடுகிறேனாம். தொட்டுப் பார்க்கவே கொடுக்காத மொபைலில் நான் எங்கே பாம்பு வளர்ப்பது?

மொபைலை விற்ற பாய்க்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை. நைனா அங்கே போய், பொத்தானை அவிழ்த்து, உறையிலிருந்து மொபைலைப் பயபக்தியோடு எடுத்துக் கொடுத்தார். பாய் அதை மேஜைமேல் போட்டுவைத்துப் பகல் முழுக்கப் பார்த்தார். ஒரு கோடுகூடக் குறையவில்லை. போனில் கோளாறே இல்லை என்று சத்தியம் செய்தார், ஆனாலும் மனுஷனுக்கு நல்ல மனசு, வேறு பேட்டரி மாற்றிக் கொடுத்தார். புதுப் பேட்டரி உறைக்குள் போனது. மறுநாள் மத்தியானம் அதுவும் அணைந்தது. நைனா ஊரையே சந்தேகப்பட்டார். உறையை மட்டும் சந்தேகப்படவில்லை. அது மங்களமாயிற்றே.

கல்லூரியிலிருந்து தகவலே இல்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு நானே கடை லேண்ட்லைனிலிருந்து பேசினேன். எடுத்த அம்மாள் மரியாதையாகத்தான் சொன்னார். என்னைத்தான் தேர்வு செய்திருந்தார்களாம். பல தடவை கூப்பிட்டுப் பார்த்தார்களாம். காலையில் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே, சாயந்திரம் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். எனக்கு விருப்பமில்லை என்று நினைத்து அடுத்த ஆளைச் சேர்த்துக்கொண்டார்களாம்.

ரிசீவரை வைத்துவிட்டு நின்றேன். அழுகை வந்தது. அழக்கூட இடமில்லாமல் எதிரே ஒரு கல்யாண கோஷ்டி, அரக்கா பச்சையா என்று அடித்துக்கொண்டிருந்தது.

சாயந்திரம் என்று அந்த அம்மாள் சொன்னது சரி, அப்போது பேட்டரி செத்திருக்கும். காலையில் ஏன் கிடைக்கவில்லை? அதுதான் என்னைக் குடைந்தது. மறுநாள் உறையின் பொத்தான் அறுந்து, அம்மா அதைத் தைக்க எடுத்துக்கொண்டாள். நைனா மொபைலை உறையில்லாமலே பையில் போட்டுக்கொண்டு போனார். ராத்திரி அதைச் சார்ஜில் போட வந்தவர் அசந்துபோனார். பேட்டரி முக்கால்வாசி அப்படியே இருந்தது. பாருங்கள், பூஜை அறையில் சார்ஜ் போட்ட பலன் என்றாள் அம்மா.

நான் உறையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். வெள்ளியைத் தட்டையாக இழுத்து நூலில் சுற்றி நெய்த துணி. அதாவது உலோகக் கூடு. எங்கள் பக்கம் டவரே தொலைவில் இருந்தது. கெட்டிச் சுவர் தாண்டி வருகிற கொஞ்சம் சிக்னலையும் இது வாசலிலேயே மறித்துவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவில்லை. பாவம் அந்த மொபைல், டவரைத் தேடித் தேடியே தன் உயிரை விட்டிருக்கிறது.

காலையில் கடையில், நைனாவின் கண் எதிரிலேயே மொபைலை உறைக்குள் போட்டு மூடினேன். லேண்ட்லைனை ஸ்பீக்கரில் போட்டு எண்ணை அழுத்தினேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது குரல். உறையிலிருந்து எடுத்துவிட்டு அழுத்தினேன். மணி அடித்தது. இதனால்தான் என் வேலை போனது என்றும் சொன்னேன். ஒரு வார்த்தை வருத்தமாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், அவ்வளவுதான். நைனா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அசல் வெள்ளி ஜரிகைம்மா. டவரையே நிறுத்திக்கினு இருக்குது பாரு."

அன்றே கடையில் அது காட்சிப் பொருளானது. ஜரிகை அசலா என்று எந்தக் கஸ்டமர் கேட்டாலும் நைனா மொபைலை உறைக்குள் போட்டு என்னைப் பார்ப்பார். நான் லேண்ட்லைனில் எண்ணை அழுத்துவேன். குரல் ஒப்பிக்கும். கஸ்டமர்கள் வாயைப் பிளப்பார்கள். எம்.எஸ்சி. பிசிக்ஸ் படித்தவளுக்குக் கடைசியில் கிடைத்த உத்தியோகம் இதுதான். அந்தக் குரலை வேறு யார் கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள் என்பது ஒவ்வொரு தடவையும் எனக்கு உறைக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை, கடை நிறையக் கூட்டம். நைனா வழக்கம்போல என்னைப் பார்த்தார். நான் உறையைத் தொடவில்லை. கீழ்த்தட்டிலிருந்து செப்பு ஜரிகைப் புடவை ஒன்றை உருவி, அதன் முந்தானையில் மொபைலைச் சுற்றினேன். அது மலிவுச் சரக்கு என்று கடையில் எல்லாருக்கும் தெரியும், நைனாவே சொல்லித்தான் விற்பார். எண்ணை அழுத்தினேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது குரல்.

"செம்பும் நிறுத்தும் நைனா. இது ஒன்னும் அசலுக்கு அத்தாட்சி இல்ல."

ஒரு பாட்டி சிரித்துவிட்டார். நைனா என்னைத் திட்டவில்லை. கூட்டம் போன பிறகு மொபைலை எடுத்து, வெறும் மொபைலாக, என் கையில் வைத்தார். இனிமேல் நீயே வெச்சுக்கம்மா, அடுத்த வேலைக்கு இந்த நம்பரே போடு என்றார். பேட்டரி நிறைந்திருந்தது.

அடுத்த விண்ணப்பத்தில் நான் லேண்ட்லைன் எண்ணைத்தான் எழுதினேன்.