தாத்தாவுக்கு வேர்க்கிறது

பல்லா வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்பது அந்தப் புனோம்பென் தையல் ஆலையில் ஊரறிந்த சங்கதி. வயலை விட்டு வந்தவள், கண்காணாத சீமைக்காரர்கள் போடும் ஜீன்ஸுக்குப் பை தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மெஷினில் மாலிஸ், பிள்ளைத்தாய்ச்சி. தகரக்கூரை வெக்கையில் இரண்டு தரம் மயங்கி விழுந்துவிட்டாள். இன்னொரு தரம் விழுந்தால் வயிற்றுப் பிள்ளை என்னாகுமோ என்று பல்லாவுக்குப் பகீரென்றது.

மின்விசிறி வராமலில்லை. சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஆள் பார்வையிட வரும் நாளில் மட்டும் ஆளுயர விசிறிகள் வாடகைக்கு வந்து இறங்கும். அந்தக் கார் கிளம்பியதும் லாரியேறிவிடும்.

"விருந்தாளிகூட கை நனைச்சிட்டுத்தான் போவான். இது அதுக்கும் நிக்காது" என்பாள் பல்லா.

மயக்கத்துக்குக் காரணம் நிலத்தைக் காக்கும் தெய்வத்தின் கோபம்தான் என்று யாரோ சொல்ல, அயல்நாட்டு முதலாளி உடனே பூசைக்குச் சம்மதித்தார். விசிறியைவிட வாழைப்பழம் மலிவாயிற்றே! அதையும் பார்வையிடும் நாளிலேயே வைத்துக்கொண்டார். ஊரில் எல்லாரும் 'தாத்தா' என்று கூப்பிடும் அந்தத் தெய்வத்தின் முன்னால் ஊதுபத்தி புகைந்தது. பல்லா சட்டென்று எழுந்து கைகூப்பினாள்.

"தாத்தா! உனக்கு வேர்க்குதுன்னு முதலாளி மனசு பொறுக்காம இந்த விசிறி எல்லாத்தையும் உனக்கே காணிக்கையா குடுக்குறாரு. ஏத்துக்கோ!"

ஆலையே ஆரவாரித்தது. "என்ன சொல்கிறாள்?" என்று முதலாளி தன் மொழியில் மேஸ்திரி ரித்தியைக் கேட்டார்.

"உங்களை வாழ்த்துறா சார்" என்றான் ரித்தி, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். காணிக்கைக்கு அடையாளமாகப் பல்லா நீட்டிய சிவப்பு நூலைத் தன் கையாலேயே ஒவ்வொரு விசிறியிலும் கட்டினார். பார்வையிட வந்திருந்த வெளிநாட்டு அம்மாள் அதைப் படமெடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் லாரி வந்தது. சுமைதூக்கி நூலைப் பார்த்ததும் பின்வாங்கினான்.

"ஐயோ, தாத்தா சொத்து! நான் தொடமாட்டேம்பா."

"என்னை ஏன் பாக்குற? நானும் பிள்ளைகுட்டிக்காரன்" என்றான் ரித்தி.

"கட்டினவரே கழட்டட்டுமே அண்ணே" என்றாள் பல்லா இனிமையாக.

விஷயம் விளங்கியதும் முதலாளி குதித்தார். நூல்வரைக்கும் கையைக் கொண்டுபோனார். எல்லாக் கண்களும் அந்தக் கைமேலேயே இருந்தன. அவர் அறையிலும் ஒரு சாமி மாடம் உண்டு. தெய்வத்திடம் கொடுத்ததைப் பிடுங்க அவருக்கும் துணிச்சல் வரவில்லை. வாடகைக்கு விட்டவனிடம் முணுமுணுத்துக்கொண்டே விசிறிகளை விலைக்கு வாங்கினார். அன்று பெண்கள், தினமும் தங்களை ஏற்றிவரும் திறந்த லாரியில் வீடு திரும்பும்வரை பாட்டும் கும்மாளமும்தான். மாலிஸ் மறுபடி விழவேயில்லை.

அடுத்த மாதம் பல்லா முதலாளி அறைக்குப் போனாள். பின்னால் அவள் வரிசைப் பெண்கள் அத்தனை பேரும். முன்னால் மாலிஸின் வயிறு.

முதலாளி நெற்றியைப் பிடித்துக்கொண்டு ரித்தி மூலம் கேட்டார்: "இப்ப தாத்தாவுக்கு என்ன வேணுமாம்?"

"தாத்தாவுக்கு ஒரு குறையும் இல்ல. இது எங்களுக்கு. குடிக்க நல்ல தண்ணி வேணும். மாலிசுக்குச் சம்பளத்தோட பிரசவ லீவு வேணும். சட்டத்துல இருக்கு. தராம நாங்க மெஷின்ல உக்காரமாட்டோம்."

ரித்தி தொண்டையைக் கனைத்துக்கொண்டான். பிறகு அவள் சொன்னதை, இந்தத் தரம் ஒரு வார்த்தை விடாமல், முதலாளிக்குச் சொன்னான்.