தொண்ணூற்று நாலு மஞ்சள் கார்ட்டுகள்

மேரிசெலின் அக்காவிடம் நான் முதன்முதலில் போனது ஓர் எண்ணோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போய்த்தான். 2009 யூன் மாதம். டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரியின் தரவுப் பிரிவில் நான் சேர்ந்து நாலு மாதம். கிராமத்தில் வளர்ந்து, எங்கள் பரம்பரையில் முதல் பட்டம் எடுத்தவன் நான், அதுவும் புள்ளிவிபரவியலில். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு மாதம் எத்தனை பேர் வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்று எழுதுவது என் வேலை.

இலங்கையில் பிறந்தவர்கள் வழமையாக மாதம் இருபது பேர் வருவார்கள். போர் முடிந்த மே மாதத்தில் தொண்ணூற்று நாலு. அதில் அறுபத்துமூன்று பேர் வைத்தியரைப் பார்க்காமலே போனதாகப் பதிவு. என் மேலாளர் ஹென்னிங் அதைப் பார்த்து, "தேவையில்லாத வருகைகள். பின்னேரம் வைத்திருக்கிற தமிழ் மொழிபெயர்ப்பாளரை நிறுத்தலாம்" என்றார்.

அவசர சிகிச்சைப் பிரிவின் வரவேற்பு மேசையில் அப்போது பகலில் இருந்தவ மேரிசெலின் அக்கா. பக்கத்துச் சிற்றூரான பிராண்டேயில் வீடு. ஒரு தொழிற்சாலையில் பதினொரு வருடம் நின்று, பிறகு படித்து இந்த மேசைக்கு வந்தவ. பட்டியலைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தா.

"தம்பி, படிச்சனீர்தானே. மே பதினெட்டு, பரமேஸ்வரி எண்ட பேர் கிடக்கு. அந்த நேரத்திலை எத்தினை பேர் வந்தவை?"

"ஏழு பேர். ஒராளை மட்டும் வைத்தியர் பாத்திருக்கிறார்."

"ரீவியிலை செய்தி பாத்துக்கொண்டிருக்க அவ மயங்கி விழுந்திட்டா. மிச்ச ஆறு பேரும் கூட்டிக்கொண்டு வந்த சனம்!"

"அப்ப ஏன் பதிவிலை?"

"மஞ்சள் கார்ட், அதுதான் இஞ்சத்தை சுகாதார அட்டை, எண்டு கேட்டால் எங்கடை ஆக்கள் எல்லாரும்தான் எடுத்து நீட்டுவினம். ஊரிலை ஆமிக்காரன் மறிச்சால் பஸ்ஸிலை இருந்த அவ்வளவு பேரும் அடையாள அட்டை காட்டினதுகள். நான் நோயாளியின்ரை கார்ட்டை மட்டும் எடுப்பன். பின்னேரம் இருக்கிற பெட்டைக்கு என்ன தெரியும்? ஏழையும் இழுத்துப்போட்டாள்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பல்கலைக்கழகத்தில் இதை யாரும் சொல்லித்தரவில்லை.

"எண்ணைத் திருத்தினால் மொழிபெயர்ப்பாளரை வைச்சிருப்பினமோ?" என்று கேட்டா.

"ஓம்" என்றேன். அப்போது நம்பித்தான் சொன்னேன்.

அக்கா பட்டியலைக் கொண்டுபோய் மூன்று நாள் வீடு வீடாகத் தொலைபேசியில் கேட்டா. "அண்ணை, அண்டைக்கு உங்களுக்கோ வருத்தம், இல்லாட்டி நோயாளியைக் காரிலை கொண்டந்தனீங்களோ?" உண்மையான நோயாளிகள் முப்பத்தொரு பேர். நெஞ்சு நோ, மயக்கம், மூச்சு முட்டல். பெரும்பாலானோருக்கு முள்ளிவாய்க்காலில் ஆரோ இருந்தார்கள். இதையும் எழுதும் என்றா. எழுதினேன்.

ஹென்னிங் இரண்டு நிமிடத்தில் படித்து முடித்தார். "எண்கள் மேலிடத்துக்குப் போய்விட்டன. அனுப்பியதை மாற்றுவதில்லை. துக்கத்துக்கு எங்களிடம் பதிவுக் குறியீடும் இல்லை." பிறகு, "நோயாளிகளின் வீட்டுக்கு அழைத்தது யார்?" என்றார்.

பட்டியலைக் கொடுத்தது நான்தான் என்றேன். "அழைத்தது அவர்தானே" என்றார். இரகசியத்தை மீறியதாக எச்சரிக்கைக் கடிதம் அக்காவுக்குத்தான் வந்தது. செப்டெம்பரில் மொழிபெயர்ப்பாளரையும் நிறுத்தினார்கள்.

மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"விடும். என்ரை கடிதம் மேசை லாச்சிக்குள்ளை கிடக்கட்டும். பின்னேரம் பரமேஸ்வரி திருப்பி விழுந்தால் ஆர் கதைக்கிறது? அவவின்ரை பத்து வயசுப் பிள்ளையோ?"

அடுத்த கிழமையே வேலைநேரத்தைப் பின்னேரத்துக்கு மாற்றக் கேட்டு எழுதிக்கொடுத்தா. மொழிபெயர்ப்பு அவவின் பொறுப்பல்ல, அதற்குச் சம்பளமும் இல்லை என்று பதில் எழுதி, நேரத்தை மட்டும் மாற்றிக்கொடுத்தார்கள்.

இப்போது மேரிசெலின் அக்கா அதே மேசையில் பின்னேரம் மூன்று மணியிலிருந்து பதினொரு மணிவரை வேலை செய்கிறா.