உலர் அறையில் ஒரு வாடை

வேலையிடத்தில் அவளுக்கு வைத்த பெயர் சிஐடி அக்கா. கடையில் தக்காளி வாங்கினாலும் அடியில் இருப்பதைப் புரட்டிப் பார்ப்பாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர் சிரித்தால் கைப்பையை இறுக்கிக்கொள்வாள். கல்யாணமான புதிதில் கணவனின் போனை வாங்கி, "இந்த பிளம்பர்ங்கிறது யாரு?" என்று கேட்டவள். பிளம்பர்தான். வீட்டில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது.

உள்ளே திரவமே இல்லாத புது வகை பேட்டரிக்குத் தகடு செய்யும் இடத்தில் அவளுக்கு வேலை. பொடிகளை எடை போட்டுக் கலந்து, மெல்லிய அலுமினியத் தாளில் பூசி, உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கினால் தகடு. பொடிகளில் ஒன்றில் கந்தகம் உண்டு. அதற்கு ஈரம் ஆகவே ஆகாது. பட்டால் கெட்டுப்போய் அழுகிய முட்டை மாதிரி நாறும். அந்த நாற்றம் மனுஷருக்கும் விஷம். அதனால் அறைக் காற்றையே காயவைத்திருந்தார்கள். உதடு வெடிக்கும். ஒரு வாய் தண்ணீருக்கும் வெளியேதான் வர வேண்டும். ஈரத் தலையோடு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவளை, கை நடுங்காது என்று பார்த்து அங்கே மாற்றியிருந்தார்கள். அவள் வாழ்க்கையில் யாரோ அவளைத் தேடி எடுத்தது அந்த ஒரு தடவைதான். அந்த அறையை விட்டுக்கொடுக்க அவளால் முடியாது.

அங்கேதான் ஓரகத்தியும் வந்து சேர்ந்தாள். கொழுந்தனின் பெண்டாட்டி. ஒரே வீடு, ஒரே அடுப்பு, இப்போது ஒரே அறை. வாய்க்கு வாய் "அக்கா, அக்கா" என்று குழைவாள். அந்தக் குழைவின் மேல்தான் இவளுக்கு முதல் சந்தேகம்.

ஓரகத்தி வந்த கொஞ்ச நாளில் தகடுகள் வரிசையாகச் சோதனையில் தோற்றன. கலவையை வடிவமைத்த இன்ஜினியர் அம்மா எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"கலவையில தப்பு இல்ல, மாத்தியும் பாத்துட்டேன். எங்கிருந்தோ ஈரம் வருது. இந்த வாரத்துக்குள்ள கண்டுபிடிக்கலைன்னா, உங்க எல்லாரையும் பேக்கிங்குக்கு அனுப்பச் சொல்லிட்டாங்க."

அன்றிலிருந்து இவள் கண் ஓயவில்லை. தகட்டை நசுக்கும் உருளைக்காரரின் கன்னம் உப்பியிருந்தது. ஏதோ மிட்டாயை ஒளித்து மெல்லுகிறார் என்று முறைத்தாள்.

"சொத்தைப் பல்லும்மா. விரலை விட்டுப் பாக்குறியா?" என்று வாயைத் திறந்தார் அவர்.

வீட்டில் ஓரகத்தி குளித்துவிட்டு வந்ததும், கொடியில் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்த்தாள். தலையைக் கழுவியிருந்தால் துண்டு சொதசொதவென்று இருக்குமே.

"என்னக்கா, என் துண்டைத் தடவிக்கிட்டு நிக்கிறீங்க?"

"நல்லா விரிச்சுப் போடலாம்னு பாத்தேன்."

பொடியை எடை போடுவது ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள். அதன் முகப்பில் நீளமான ரப்பர் கையுறைகள் இரண்டு பொருத்தியிருக்கும். வெளியே நின்று அவற்றில் கையை நுழைத்துத்தான் உள்ளே வேலை செய்ய வேண்டும். காலையில் இவள், மதியத்துக்கு மேல் ஓரகத்தி. அன்று ஓரகத்தியின் முறை. எடை போட்ட பொடி டப்பாவை வாங்கப் பக்கத்தில் நின்ற இவளின் மூக்கில் லேசாக ஏறியது அந்த வாடை.

இவள் ஓரகத்தியைப் பார்த்தாள். ஓரகத்தி குனிந்துகொண்டாள். உருளைக்காரர் எதுவும் தெரியாதவர்போல நகர்ந்து நின்றார். யாரோ காற்று விட்டுவிட்டார்கள் என்றே எல்லாருக்கும் நினைப்பு. வயிற்று விவகாரத்தை யார்தான் கேட்பார்கள்?

சற்று நேரத்தில் வாடை போய்விட்டது. 'அவ்வளவுதான்' என்று இவள் மூச்சுவிட்டாள். விட்ட மூச்சு பாதியில் நின்றது. பயிற்சியில் சொன்னது ஞாபகம் வந்தது: நாற்றம் நின்றுவிட்டதே என்று நினைக்காதீர்கள், மூக்கு மரத்துப் போயிருக்கும்.

சுவரில் அபாயச் சங்கை ஊதவைக்கும் சிவப்புப் பொத்தான். அழுத்தினால் கலந்துவைத்த பொடி அத்தனையும் வீண். வெறும் வயிற்றுக் காற்றாக இருந்துவிட்டால் பேக்கிங்குக்குப் போனாலும் எல்லாரும் சிரிக்கிற சிரிப்பு கூடவே வரும். வீட்டில் ஓரகத்தி சோற்றோடு சேர்த்துப் பரிமாறுவாள்.

அழுத்தினாள்.

எல்லாரும் வெளியே ஓடினார்கள். பாதுகாப்பு அதிகாரி முகமூடி மாட்டிக்கொண்டு, வாயு பிடிக்கும் கருவியோடு உள்ளே போய்வந்தார்.

"வலது கையுறையில, மணிக்கட்டு மடிப்புல ஊசி முனை அளவுக்கு ஓட்டை. கை வேர்வை அது வழியா பொடிக்குப் போயிருக்கு. சுவத்துல மாட்டியிருக்கிற வாயுக் கருவி கதவோரமா இருக்கு, இந்த லேசான வாடை அதுக்கு எட்டல."

இன்ஜினியர் அம்மா எல்லார் முகத்தையும் பார்த்தார். "இதுக்கு முன்னாடி யாருக்கும் வாடையே வரலையா?"

ஓரகத்தி தயங்கினாள். "எனக்கு வந்துச்சு மேடம். திங்கட்கிழமையே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"அக்கா பக்கத்துல நின்னாங்க. அவங்கதான்னு நினைச்சேன். வீட்டுக்கு மூத்தவங்க... எப்படி மேடம் சொல்றது?"

உருளைக்காரர் ஓரகத்தியைப் பார்த்து, பல்வலியையும் மறந்து சிரித்தார். "நான் உன்னையில்ல நினைச்சேன்!"

கையுறையை மாற்றியதும் தகடுகள் தேறின. யாரும் பேக்கிங்குக்குப் போகவில்லை. அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள்: வாடை வந்தால் உடனே சொல்லவும், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

வீடு திரும்பும் பஸ்ஸில் இவள் கேட்டாள். "நிஜமாவே நான்னுதான் நினைச்சியா?"

"பின்ன என்னக்கா?"

உண்மையென்றால், திங்கட்கிழமையிலிருந்து அதை மனதில் வைத்துக்கொண்டுதான் தினமும் இவள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். பொய்யென்றால், தானும் பேக்கிங்குக்குப் போனாலும் பரவாயில்லை, இவள் போகட்டும் என்றா வாயை மூடிக்கொண்டிருந்தாள்?

ஓரகத்தி திரும்பி இவளைப் பார்த்துச் சிரித்தாள்.

இவள் கைப்பையை இறுக்கிக்கொண்டாள்.