ஊசி குத்த ஒரு கையகலம்

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் கொஞ்சம் கறாரான நர்ஸ். தேவிபட்டினம் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள் என்னைக் கண்டாலே கைலியைத் தாமாக இறக்கிவிட்டுக் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். இடுப்பெலும்பின் மேல்விளிம்பு எனக்குத் தெரிய வேண்டும். புட்டத்தை மனதுக்குள் நான்காகப் பிரித்து, மேலே வெளிப்பக்கமாக இருக்கும் கால் பாகத்தில்தான் ஊசியை இறக்க வேண்டும். நெளிகிறவர்களிடம், "வெக்கப்பட்டா நரம்புல குத்திரும், பரவால்லையா?" என்று கேட்பேன். இருபது வருடமாக இதே வசனம்தான்.

இப்படிப்பட்ட நான் என் அய்யாவுக்கு ஊசி போட்ட லட்சணத்தைச் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று நாள் லீவில் கடலாடிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். வெட்டிய கருவேல மரத்தின் அடிமூடு ஒன்றைத் தோண்டி இழுத்ததில் அய்யாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டிருந்தது. மாத்திரை வேண்டாம், ஊசிதான் என்றார். எங்கள் ஊரில் மாத்திரை மட்டும் எழுதித் தருகிறவரை டாக்டராகவே மதிக்க மாட்டார்கள். எங்கள் நிலையத்து டாக்டரிடம் போனில் கேட்டேன். ஒரு நாளைக்கு ஒன்றாக மூன்று வலி ஊசி என்றார்.

படுங்கள் என்றேன், அய்யா படுக்கவில்லை. நெல் மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெற்ற மகள் முன்னால் வேட்டிக் கட்டைத் தளர்த்துவாரா? கீழிருந்து வேட்டியைத் தூக்கி, டவுசர் ஓரத்தை மேலே சுருட்டி, வலது பக்கம் ஒரு கையகலம் காட்டினார்.

"இங்கன குத்து ஆத்தா."

அது குத்தக்கூடாத இடம். புட்டத்தின் கீழ்ப்பாதி. அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வசனம் வாயில் வரவில்லை. முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு குத்திவிட்டேன். அய்யா மூட்டையை ஒரு தரம் இறுகப் பிடித்தார், அவ்வளவுதான். முதுகு வலி என்று சொல்லி அன்றெல்லாம் கட்டிலிலேயே கிடந்தார்.

மறுநாள் அவராகவே இடது பக்கத்தைக் காட்டினார். ஊசியைப் பக்கம் மாற்றிப் போடுவதுதான் முறை. அய்யாவுக்கு இதுகூடத் தெரிந்திருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம். மூன்றாம் நாள், வலி விட்டுப்போச்சு, போதும் என்றார். நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து அம்மா போன் செய்தாள். "ஒங்க அய்யாவுக்கு வலது கால்ல செருப்பே நிக்க மாட்டேங்குது. வரப்புல வழுக்கி விழுந்தேங்குறாரு."

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பாதம் தொங்கிப்போயிருந்தது, விரல்களை மேலே தூக்க முடியவில்லை. முதுகெலும்புத் தட்டு, அதாவது டிஸ்க், விலகி நரம்பின் வேரை அழுத்தலாம், ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். அய்யா ஊசியைப் பற்றி வாய் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற நானும் திறக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

வாரம் ஒருநாள் எங்கள் நிலையத்துக்கு வரும் பிசியோதெரபிஸ்டிடம், யாரோ ஒரு நோயாளிக்கு என்று சொல்லிக் கேட்டேன். அவர் ஒரு தாளில் இடுப்பை வரைந்தார். புட்டத்துக்குள்ளே குறுக்காக ஒரு சிறிய தசை கிடக்கிறது. அதற்கு மேலே வெளிவரும் நரம்பு இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்குப் போகிறது; நாம் ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியாமல் பிடித்து வைப்பது அந்தத் தசை. அதற்குக் கீழே வெளிவருவது விரல் பருமனுள்ள பெரிய நரம்பு. அது பாதம் வரை போகிறது. இரண்டுக்கும் முதுகில் ஒரு வேர் பொது.

"வேருல கோளாறுன்னா ரெண்டும் சோர்ந்துபோகும் சிஸ்டர். அந்தக் கால்ல மட்டும் நிக்கச் சொல்லுங்க, இடுப்பு மறுபக்கம் சரியும். சரியாம, பாதம் மட்டும் தொங்குனா, கோளாறு கீழதான். புட்டத்துல ஊசி கீசி போட்டாங்களான்னு கேளுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அய்யாவைச் சுவர் ஓரமாக நிறுத்தினேன். பின்னால் உட்கார்ந்து, இரண்டு பக்க இடுப்பெலும்பின் மேலும் கை வைத்தேன்.

"இடது காலத் தூக்குங்கய்யா."

தூக்கினார். சரியட்டும், சரியட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பெற்ற தகப்பனுக்கு முதுகெலும்பு கெட்டிருக்க வேண்டும் என்று வேண்டிய மகள் நானாகத்தான் இருப்பேன். என் இரண்டு கைகளும் ஒரே மட்டத்தில் இருந்தன. பத்து எண்ணும்வரை அப்படியே இருந்தன.

"நல்லா நிக்கிறேனா?"

"நல்லா நிக்கிறீங்கய்யா. இது முதுகால வந்ததில்ல. நான் போட்ட ஊசியால வந்தது."

அய்யா காலை ஊன்றி வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"தெரியும் ஆத்தா. குத்தயிலயே பாதம் வரைக்கும் கரண்டு அடிச்சாப்புல ஓடுச்சு."

"தெரிஞ்சுமா மறுநாளும் என்கிட்டப் போட்டுக்கிட்டீங்க?"

"ஏன், நீ போடாம யாரு போடுறது? அதான் மத்தப் பக்கத்தக் காட்டுனேன்ல."

ஸ்கேன் எடுக்கப் போன அன்று டாக்டரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். நரம்பு தேற மாதக்கணக்கில் ஆகலாம், தேறாமலும் போகலாம் என்றார். அய்யா இப்போது பாதத்துக்குப் பட்டை கட்டி நடக்கிறார். ஊரில் கேட்கிறவர்களிடம் வரப்புதான் வழுக்கியது என்கிறார்.

அந்த இரண்டாம் நாள் ஊசியைப் பற்றி மட்டும் அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இடது கால் தப்பியது அதிர்ஷ்டம்தான். இடது பக்கமும் அவர் அதே கையகலம்தான் காட்டினார். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அதே இடத்தில்தான் குத்தினேன்.